கடைசிக் கட்டம்: காற்று ஏறிய கழுத்தும் ஒரு மயக்கவியல் வழிகாட்டியும்

மருத்துவ வழிகாட்டிகளை உட்கார்ந்து படிப்பேன் என்று சொன்னால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் ஒரு ஃப்ளோசார்ட்டைப் பார்த்தால் இது எந்த இடத்தில் உடையும் என்று தேடுகிற புத்தி போக மாட்டேன் என்கிறது. இந்தக் குறிப்பும் அப்படி ஒரு ஃப்ளோசார்ட்டைப் பற்றியதுதான்.

2016 டிசம்பரில் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியா' இதழில் ஆல் இண்டியா டிஃபிகல்ட் ஏர்வே அசோசியேஷன் சில வழிகாட்டிகளை வெளியிட்டது. பெரியவர்களுக்கு ஒன்று, கர்ப்பிணிகளுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒன்று, குழாயை எடுக்கும் நேரத்துக்கு ஒன்று. நான் பேசப்போவது முதலாவதைப் பற்றி. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது, அவர் தானாக மூச்சு விட முடியாது, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடப் பார்த்தால் போகவில்லை. அடுத்து என்ன? அதற்கு ஒரே பக்கத்தில் பதில் சொல்லும் படம் அது.

முதலில் அதன் நல்ல குணங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை நிஜமாகவே நல்லவை. குழாய் போடும் முயற்சி மூன்றைத் தாண்டக்கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் முயற்சியை நிறுத்திவிட்டு முகமூடியால் மூச்சுக் கொடுக்க வேண்டும். இந்த நேரம் முழுக்க மூக்கு வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் போகாவிட்டால் குரல்வளைக்கு மேலே உட்காரும் முகமூடி மாதிரியான கருவி. அதுவும் உதவாவிட்டால் தசை தளர்த்தும் மருந்தின் பிடி இருக்கும்போதே முக மாஸ்க்கால் கடைசியாக ஒரு முயற்சி. அதுவும் முடியவில்லை என்றால் 'முழு மூச்சூட்டல் தோல்வி' என்று அறிவித்துவிட்டு, கழுத்தைத் திறக்க வேண்டும்.

அந்த அறிவிப்பு எனக்குப் பிடித்தது. 'குழாய் போடல' என்று சொன்னால் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கத்தான் கை போகும். 'மூச்சு போகல' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அறையில் இருக்கிற எல்லாருக்கும் அடுத்த வேலை என்ன என்று தெரிந்துவிடும். 2005 மார்ச்சில் இங்கிலாந்தில் எலைன் பிரொமைலி என்ற பெண்மணிக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். சைனஸ் அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்தார்கள். குழாய் போகவில்லை, மூச்சும் போகவில்லை. ஒரு செவிலியர் கழுத்தில் துளை போடும் கருவிகளைக் கொண்டுவந்து வைத்தும், அனுபவம் மிக்க மூன்று டாக்டர்கள் குழாய் போடுவதிலேயே குறியாக இருந்தார்கள். சில நாளில் அவர் இறந்துபோனார். அவருடைய கணவர் மார்ட்டின் பிரொமைலி ஒரு விமானி. விமானத்துறையில் பிழைகளை ஆராய்கிற மாதிரி மருத்துவத்திலும் ஆராய வேண்டும் என்று அவர் ஆரம்பித்த இயக்கம் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. அங்கே கையில் திறமை இல்லாமல் இல்லை. நாம் இப்போது கடைசிக் கட்டத்தில் இருக்கிறோம் என்று யாரும் உரக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் சிக்கல் அந்தக் கடைசிக் கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதில் ஆரம்பிக்கிறது.

தொண்டையில் ஆண்களுக்குத் துருத்திக்கொண்டு தெரியுமே, அந்தச் சங்கு. அதற்குச் சற்றுக் கீழே, இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவில் விரல் பதிகிற மாதிரி ஒரு பள்ளம் உண்டு. அங்கே தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வுதான். அதைத் திறப்பதற்குப் பெயர் கிரிக்கோதைராய்டாட்டமி. (நம்ம ஊர் சண்டையில் 'சங்கை அறுத்துடுவேன்' என்பது மிரட்டல். இங்கே அதுவே சிகிச்சை.) இந்திய வழிகாட்டி, அதைத் திறக்க உங்களுக்குப் பழக்கமான எந்த முறையையும் பயன்படுத்துங்கள் என்கிறது. ஊசி மாதிரியான மெல்லிய குழாய், அகலமான குழாய், கத்தி, எதுவானாலும் சரி. 2015-ல் வந்த பிரிட்டிஷ் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியின் வழிகாட்டி இதே இடத்தில் ஒரே ஒரு முறையைத்தான் முன்வைக்கிறது: 10-ஆம் எண் கத்தி, பூஜி என்கிற வளையும் பிளாஸ்டிக் குச்சி, 6 அளவுக் குழாய். குத்து, கத்தியைத் திருப்பு, குச்சியை நுழை, அதன் மேலே குழாயைத் தள்ளு. கழுத்தில் எதுவும் கைக்குப் பிடிபடவில்லை என்றால் நடுவில் மேலும் கீழுமாக 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழித்து, விரலால் விலக்கிக் குரல்வளையைத் தேடு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நம்முடையது பெருந்தன்மையாகத் தெரியும். நாடு பெரியது. டெல்லி எய்ம்ஸில் இருக்கிற டாக்டருக்கும் பென்னாகரத்தில் இருக்கிற டாக்டருக்கும் ஒரே பயிற்சி கிடைப்பதில்லை. தெரிந்த ஊசி, தெரியாத கத்தியைவிட மேல் என்று நினைத்திருப்பார்கள். சாதாரணக் கழுத்துக்கு அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் எடுத்துக்கொள்ளும் கழுத்து சாதாரணமானது இல்லை.

தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவில், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், நீளமான இறக்கம். பாரம் ஏற்றிய லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளை வரிசையாக நசுக்கிய செய்தி வருஷா வருஷம் வருகிறது. அப்படி ஒரு விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் மோதுகிறது. விலா எலும்பு உடைந்து நுரையீரலைக் குத்துகிறது. மூச்சு விடும்போதெல்லாம் கொஞ்சம் காற்று நுரையீரலை விட்டு வெளியே கசிந்து, நெஞ்சுச் சுவர் வழியாகத் தோலுக்கடியில் ஏறுகிறது. நெஞ்சு, கழுத்து, முகம், கண் இமை எல்லாம் வீங்கிவிடும். கண்ணைத் திறக்க முடியாது, குரல் மாறிப்போகும். தோலைத் தொட்டால் பொரியை நெரிக்கிற மாதிரி நறநறக்கும். ஒருமுறை தொட்டவர்கள் மறக்க மாட்டார்களாம்.

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் சப்கியூட்டேனியஸ் எம்ஃபைசீமா. இங்கே ஒரு சின்னப் புலம்பல். பீடி, சிகரெட்டால் வருகிற நுரையீரல் நோய்க்கும் எம்ஃபைசீமா என்றுதான் பெயர். இரண்டுக்கும் காற்று தங்குவது பொது, மற்றபடி சம்பந்தமே இல்லை. வார்டுக்கு வெளியே நிற்கிற மகன் அந்தச் சொல்லைப் போனில் தேடினால், "எங்கப்பா பீடியே குடிக்க மாட்டாரே" என்று டாக்டரிடம் சண்டைக்குத்தான் போவான். 'தோலடிக் காற்று' என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பார்க்கப் பயங்கரமாக இருக்கும் இந்த வீக்கம் பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காற்று எங்கிருந்து கசிகிறதோ அதுதான் கொல்லும். நெஞ்சுக்குள் காற்று அழுத்தமாகச் சேர்ந்திருந்தால் முதலில் விலாவின் பக்கவாட்டில் குழாய் போட்டு அதை வெளியேற்ற வேண்டும். அது சரியாக நடந்தால் தோலடிக் காற்றைச் சில நாளில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். ரொம்பவே ஏறிவிட்டால் காறை எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் சின்னதாகக் கீறிவிட்டு, கையால் நீவிக் காற்றை வெளியே தள்ளுவதும் உண்டு. இதில் கழுத்தைத் திறக்கிற நிலைமை சிலருக்கே வரும். ஆனால் வருகிறபோது இரண்டு காரணத்தில் ஒன்றால் வரும். ஒன்று, மூச்சுக்குழாயோ குரல்வளையோ கிழிந்திருக்கும். இன்னொன்று, வாய் வழியாகக் குழாய் போட முடியாமல் தொண்டையும் வீங்கியிருக்கும்.

இப்போது கடைசிக் கட்டத்துக்கு வருவோம். 'பழக்கமான முறை' என்று ஊசியை எடுக்கிறார் டாக்டர். ஊசி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிரிஞ்சில் கொஞ்சம் உப்புநீர் வைத்துக்கொண்டு பின்னால் இழுப்பார்கள். காற்றுக் குமிழ் வந்தால் உள்ளே இருக்கிறோம் என்று அர்த்தம். உலகம் முழுக்க இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் தோலுக்கடியில் ஏற்கெனவே காற்று நிறைந்த கழுத்தில் ஊசி எங்கே நின்றாலும் குமிழ் வருமே! எங்கள் தொழிலில் இதை எப்போதும் பாஸ் ஆகும் டெஸ்ட் என்போம். அப்படி ஒரு டெஸ்ட் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல். இல்லாவிட்டால் சந்தேகமாவது மிஞ்சும்.

சரி, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொள்ளலாமே? இப்போது நிறையப் பேர் அந்தச் சவ்வை முன்கூட்டியே ஸ்கேனில் பார்த்துப் பேனாவால் குறித்துக்கொள்கிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் அல்ட்ராசவுண்ட் காற்றைத் தாண்டிப் போகாது. தோலுக்கடியில் காற்று இருந்தால் திரையில் மேலே ஒரு வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே வெறும் மூட்டம். அந்த வழியும் அடைபட்டது.

அடுத்தது இன்னும் மோசம். மெல்லிய ஊசி வழியாகப் போதுமான காற்றைத் தள்ள அதிக அழுத்தம் வேண்டும், அதற்கென்றே ஜெட் கருவி இருக்கிறது. உள்ளே போன காற்று வெளியே வருவது அந்த ஊசி வழியாக இல்லை, மேலே தொண்டை வழியாக. தொண்டைதான் அடைத்திருக்கிறதே? காற்று உள்ளேயே சேர்ந்து நுரையீரலைக் கிழிக்கும். ஊசி கொஞ்சம் விலகி மூச்சுக்குழாய்க்கு முன்னால் இருக்கும் திசுவில் நின்றுவிட்டால், அத்தனை அழுத்தமும் நேராகக் கழுத்துக்குள் போகும். இந்த முறையினால் நேர்கிற சிக்கல்களை எந்தப் பாடநூலில் பார்த்தாலும் தோலடிக் காற்று முதல் வரியில் இருக்கும். அதாவது எந்த நோயோடு வந்தாரோ, அதே நோயைச் சிகிச்சையே இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. கத்தியிலும் இந்த ஆபத்து அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். டிரக்கியாஸ்டமி குழாயைச் சுற்றித் தோலை இறுக்கித் தைத்தாலும், குழாய் மூச்சுக்குழாய்க்கு வெளியே தவறான வழியில் போய்விட்டாலும் கழுத்து ஊதும். ஆனால் கத்தியோடு ஒரு விரல் உள்ளே போகிறது. குருத்தெலும்பு கையில் தட்டுப்படும். ஊசியின் சிரிஞ்சு பொய் சொல்லலாம், விரலை அந்தக் காற்றால் ஏமாற்ற முடியாது.

எண்கள் இல்லாமல் பேசுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. பிரிட்டனில் ஒரு வருஷம் முழுக்க நடந்த பெரிய மூச்சுவழி விபத்துகளைத் தொகுத்து 2011-ல் வெளியிட்ட நாப்-4 ஆய்வில், மயக்கவியல் டாக்டர்கள் மெல்லிய குழாயால் செய்த 19 முயற்சிகளில் 12 தோற்றன. கத்தியால் திறந்தவை அநேகமாக எல்லாமே பலித்தன. பிரிட்டிஷ் வழிகாட்டி கத்தியை மட்டும் வைத்துக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த 19-ஐ நானும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. எண்ணிக்கை சின்னது. கத்தியைப் பிடித்தவர்களில் பலர் அறுவை சிகிச்சை நிபுணர்கள், அவர்கள் கைக்கு அது பழகியது. வென்ற ஊசிகள் எல்லாம் கணக்கில் வந்தனவா என்றும் கேட்கலாம். ஆனால் இந்தக் குறைகளை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 'ஊசிதான் எங்களுக்குப் பழக்கம்' என்ற வாதம் ஆட்டம் காண்கிறது. நரம்பில் ஊசி போடுகிற பழக்கம் வேறு. ஆள் நீலமாகிக்கொண்டிருக்கும்போது கழுத்தில் குத்துவது வேறு.

என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருத்தன் வேறு மாவட்டத்தில் மயக்கவியல் டாக்டராக இருக்கிறான். இதை எல்லாம் அவனிடம் போனில் கொட்டினேன். "நீ சொல்றது புரியுதுடா. ஆனா எங்க ஆளுங்களுக்குக் கத்தின்னாலே அது சர்ஜன் வேலை. கழுத்துல கத்தி வெச்சு, ஆள் போயிட்டான்னா வெளியில நிக்கிற சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க? ஊசியால குத்துனா அது ஊசி. கத்தியால அறுத்தா அது கொலை மாதிரி தெரியும்" என்றான். வழிகாட்டியில் எங்கேயும் எழுதாத காரணம் இது. எழுதிய காரணங்களைவிட இதுதான் கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் 'எதை வேண்டுமானாலும்' என்பதை விட்டுவிட்டு 'கத்தியை எடு' என்று ஒரே வரியாக எழுதுவதுதான் அந்த டாக்டருக்குப் பாதுகாப்பு. நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கும். விருப்பத்துக்கு விட்டுவிட்டால் பழியும் அவர் விருப்பத்தின் மேல்தான் விழும்.

பொருட்செலவு என்ற சாக்கும் இங்கே எடுபடாது. மூன்றிலும் விலை குறைந்தது கத்தி வழிதான். ஒரு கத்தி, ஒரு பூஜி, ஒரு குழாய். ஜெட் கருவி எல்லா ஊர் மருத்துவமனையிலும் தயாராக நிற்கிற பொருள் இல்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தால் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம். நான் பேசிக்கொண்டிருப்பது அந்த 48 மணி நேரத்துக்குள் வருகிற ஒரு நாலு நிமிஷத்தைப் பற்றி.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும், இது படத்தின் மேல் பக்கம். இந்த வழிகாட்டி மயக்கம் கொடுத்த பிறகு எதிர்பாராமல் மாட்டிக்கொள்கிற நோயாளிக்காக எழுதப்பட்டது. தலைப்பிலேயே 'எதிர்பாராத' என்று இருக்கிறது. விபத்து நோயாளிக்கு எழுதவே இல்லையே என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடைமுறையில் மாவட்ட மருத்துவமனையின் சுவரில் ஒரு படம் ஒட்டினால் ஒட்டுவது இதைத்தான். காற்று ஏறிய கழுத்து எதிர்பாராதது இல்லை. அது கண்ணுக்குத் தெரிகிறது, கையில் நறநறக்கிறது. பைக்கில் போனவர் கழுத்தில் கயிறோ கம்பியோ மாட்டி, குரல் கரகரத்து, கழுத்தில் காற்றும் தட்டுப்பட்டால் குரல்வளை உடைந்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவருக்குத் தசை தளர்த்தும் மருந்து கொடுத்து வாய் வழியாகக் குழாயைத் தள்ளினால், கிழிசல் வழியாகக் குழாய் வெளியே போய்விடலாம். தசையின் இறுக்கத்தால் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த குழாயின் இரண்டு துண்டுகளும் பிரிந்துவிடலாம். அடிபட்ட இடம் அந்தச் சவ்வுக்கும் கீழே இருந்தால் நான் இவ்வளவு நேரம் வக்காலத்து வாங்கிய கிரிக்கோதைராய்டாட்டமியும் உதவாது. அவர் விழித்திருக்கும்போதே, தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, தோலை மட்டும் மரக்கச் செய்து, இன்னும் கீழே டிரக்கியாஸ்டமி செய்வதுதான் வழி.

ஆக, படத்தின் முதல் கட்டத்துக்கும் மேலே ஒரு கேள்வி வேண்டும்: கழுத்தில் காற்று இருக்கிறதா? இருந்தால் இந்தப் படத்துக்குள் நுழையாதே, சர்ஜனைக் கூப்பிடு, மயக்கம் கொடுக்குமுன் கத்தியைக் கையில் எடுத்து வை. ஒரே ஒரு கட்டம், ஒரு அம்புக்குறி. மூன்று முயற்சிக்குப் பிறகு கண்டுபிடிப்பதை மயக்கத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பயிற்சி எப்படி என்று நண்பனிடமே கேட்டேன். பட்டறைகளில் ஆட்டின் குரல்வளையைக் கசாப்புக் கடையிலிருந்து வாங்கிவந்து, மேலே தோல் மாதிரி எதையாவது சுற்றி வெட்டிப் பழகுவார்களாம். மனுஷக் குரல்வளைக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும், விலையும் அதிகமில்லை. "காற்று ஏறிய கழுத்துக்கு எப்படிப் பழகுவீங்க?" என்றேன். அதற்கு மாதிரி எதுவும் இல்லையே என்றான். சந்தையில் ஆட்டுத் தோலை உரிக்கிறவர் சைக்கிள் பம்பால் தோலுக்கடியில் காற்றடித்து உப்ப வைத்துவிட்டுத்தான் உரிப்பார், சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறோமே என்று ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "தலையோட கழுத்து முழுசா வேணும், தோலை உரிக்காம. சொல்லி வெச்சா தருவாங்கன்னு நினைக்கிறியா?" என்று கேட்டான்.